கான்ட்ராவ 30 லைஃப் கோடு போடாம முடிக்கிறது எப்படி

கான்ட்ரான்னு அந்த பழைய சுடுற வீடியோ கேம் பேர சொன்ன உடனே யாரா இருந்தாலும் மொதல்ல ஒப்பிக்கிறது அந்த சீட் கோடு தான், அதாவது கேம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அமுக்குற ரகசிய பட்டன் வரிசை. மேல மேல கீழ கீழ லெஃப்ட் ரைட் லெஃப்ட் ரைட் பி ஏ, ஸ்டார்ட். ரெண்டு பேர் ஆடணும்னா ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ஒரு செலக்ட். போட்டா 3 லைஃப் 30 ஆயிடும். நானும் வருஷக்கணக்கா அப்படி தான் ஆடினேன், 8 ஸ்டேஜும் முடிச்சிருக்கேன், பெரிய ஆளுன்னு நெனப்பு வேற. ஒரு நாள் சும்மா கோடு போடாம ஆரம்பிச்சு பாத்தா மூணாவது ஸ்டேஜ தாண்ட முடியல. அப்ப தான் புரிஞ்சுது, 30 லைஃப் வச்சு நான் கேம் கத்துக்கவே இல்ல, செத்து செத்து முன்னாடி நகர தான் கத்துக்கிட்டிருக்கேன்.

கோடு பத்தி ஒண்ணு சொல்லிட்டு விட்டுடறேன். அது கான்ட்ராவுக்காக பொறந்ததே இல்ல. கான்ட்ராவ செஞ்ச கோனாமி கம்பெனில இருந்த கசுஹிசா ஹாஷிமோட்டோ, 1986ல கிரேடியஸ் கேம 8 பிட் கன்சோலுக்கு மாத்துறப்ப அது அவருக்கே ரொம்ப கஷ்டமா இருந்துச்சாம், டெஸ்ட் பண்றதுக்காக எல்லா ஆயுதமும் வர்ற மாதிரி ஒரு கோடு போட்டார், அது அப்படியே கேம்லயே தங்கிடுச்சு. செஞ்சவருக்கே தேவைப்பட்டது தான், அதனால கோடு போட்டு ஆடுறவங்கள நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா இங்க நம்ம வேலை 3 லைஃப், 3 கன்டின்யூ (லைஃப் எல்லாம் தீந்தா அதே ஸ்டேஜ்ல இருந்து திரும்ப ஆட கிடைக்கற வாய்ப்பு), அவ்ளோ தான்.

எந்த வெர்ஷன்னு முன்னாடியே சொல்லிடறேன், இல்லன்னா குழப்பம் வரும். காசு போட்டு ஆடுற ஆர்கேட் மெஷின்ல 1987ல வந்தது ஒண்ணு, ஸ்க்ரீன் நெட்டுக்குத்தா இருக்கும். 1988ல நின்டென்டோ 8 பிட்டுக்கு வந்தது இன்னொண்ணு, நம்மள்ல பாதி பேர் பாத்தது இதான், நான் சொல்றதும் இத வச்சு தான். அதே 1988ல ஜப்பான்ல வந்த ஃபேமிகாம் (அங்க நின்டென்டோ 8 பிட்டுக்கு அதான் பேரு) கேசட்ல கதை சொல்ற படமெல்லாம் நடுவுல வரும், காட்டு ஸ்டேஜ்ல மரம் ஆடும், பனி ஸ்டேஜ்ல பனி கொட்டும், அழகா இருக்கும். ஐரோப்பால ஆளுங்கள தூக்கிட்டு ரோபோவா மாத்தி ப்ரோபோடெக்டர்னு பேரு வச்சு வித்தாங்க. பழைய கன்சோல் இல்லன்னா 2019ல கோனாமி போட்ட கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்ஷன் இருக்கு, அதுல ஆர்கேடும் இருக்கு 8 பிட்டும் இருக்கு.

சரி விஷயத்துக்கு வருவோம். இந்த மாதிரி கேமுக்கு பேரே ஓடிக்கிட்டே சுடுறது. அந்த பேர நம்பி ஓடுறவன் தான் இதுல மொதல்ல சாவான். ஏன்னா இதுல ஸ்க்ரீன தள்றது நீங்க தான். நீங்க நடந்தா தான் ஸ்க்ரீன் நகரும், ஸ்க்ரீன் நகர்ந்தா தான் அடுத்த பீரங்கியும் அடுத்த துப்பாக்கிக்காரனும் வெளிய வருவான், திரும்பி பின்னாடி போகவும் முடியாது. நீங்க ஒரு நாலு அடி ஓடுனீங்கன்னா மூணு பேர ஒரே நேரத்துல எழுப்பி விட்டுட்டீங்கன்னு அர்த்தம், மூணு பேரும் மூணு பக்கத்துல இருந்து சுட்டா தப்பிக்க இடமே இருக்காது. அதுவே ரெண்டு அடி வச்சு, ஒருத்தன் வந்தான், அவன முடிச்சாச்சு, இன்னும் ரெண்டு அடி, இப்படி போனா ஒவ்வொருத்தனா தனித்தனியா தான் மாட்டுவான். ஒரு இடத்துலயே நின்னுட்டு தூங்கவும் முடியாது, ஏன்னா ஓடி வர்ற சோல்ஜருங்க மட்டும் நீங்க நின்னாலும் வந்துட்டே இருப்பானுங்க, சில நேரம் முதுகு பக்கம் இருந்தும் வருவான். ஆனா அவன் நேரா ஓடி வர்றவன், அவன சுடறது ஒரு வேலையே இல்ல. நம்மள கொல்றது ஒரே இடத்துல நின்னு நம்மள பாத்து குறி வைக்கிற ஆளு தான், அவன எப்ப எழுப்பணும்னு முடிவு பண்றது நம்ம கைல இருக்கு.

இத எனக்கு சொல்லி குடுத்தது எங்க அக்கா. அவ ரெட் பேன்ட், நான் ப்ளூ பேன்ட். நான் முன்னாடி பாஞ்சு பாஞ்சு போவேன், அவ ஸ்க்ரீனோட இடது ஓரத்துலயே நின்னுட்டு "இருடா, அவன் வரட்டும், நீ ஏன் போற"ன்னு கத்திட்டே இருப்பா. கேட்டேனா? கேக்கல. கேட்டிருந்தா பத்து வருஷம் முன்னாடியே முடிச்சிருப்பேன்.

இப்ப கைய பத்தி. எட்டு பக்கமும் சுடலாம்னு எல்லாருக்கும் தெரியும், தெரியாதது சில இருக்கு. குதிச்சா ஆளு பந்து மாதிரி சுருண்டுக்குவான், அந்த நேரம் உடம்பு சின்னதா இருக்கும், அதோட காத்துலயே திசைய மாத்தலாம், முன்னாடி குதிச்சுட்டு குண்டு வர்றத பாத்தா அப்படியே பின்னாடி இழுத்துக்கலாம். நிறைய பேர் குதிச்சா குதிச்சது தான்னு நெனச்சு செத்து போறாங்க. குதிச்சுட்டே கீழ அமுக்கி சுட்டா நேரா கீழ சுடுவான். நிக்கிறப்ப கீழ அமுக்குனா படுத்துக்குவான், மார்பு உயரத்துல வர்ற குண்டெல்லாம் மேலயே போயிடும், படுத்துட்டே சுடவும் சுடலாம். கீழயும் ஜம்ப்பும் சேத்து அமுக்குனா நிக்கிற திட்டுல இருந்து கீழ் திட்டுக்கு இறங்கிடுவான். அப்புறம் மொதல் ஸ்டேஜ்ல தண்ணி இருக்கே, அதுல நிக்கிறப்ப கீழ அமுக்குனா முழுசா மூழ்கிடுவான், மூழ்கி இருக்கற வரைக்கும் எந்த குண்டும் படாது, ஆனா சுடவும் முடியாது. மூச்சு வாங்க நல்ல எடம்.

கன் விஷயம் தான் பாதி கேம். பறந்து வர்ற கேப்ஸ்யூல சுட்டா ஒரு எழுத்து விழும், அத எடுத்தா அதுக்கேத்த சக்தி கிடைக்கும். எம் எடுத்தா பட்டன அமுக்கி பிடிச்சாலே சுட்டுட்டே இருக்கும், கைக்கு ரெஸ்ட். எஃப் சுருண்டு சுருண்டு போற நெருப்பு, பாக்க தான் அழகு, எதிர்ல இருக்கறவன் மேல எப்ப படும்னு கணக்கு போடறதுக்குள்ள அவன் சுட்டுடுவான். எல் லேசர், ரொம்ப பலம், ஆனா அவசரத்துல பட்டன தட்டிட்டே இருந்தீங்கன்னா போயிட்டு இருக்கற லேசர் நின்னு புதுசா ஆரம்பிக்கும், பதட்டக்காரங்களுக்கு ஆகாது. ஆர் கன்னே இல்ல, இருக்கற கன்னோட குண்டு வேகத்த கூட்டும். பி கொஞ்ச நேரம் எது பட்டாலும் சாகாம காப்பாத்தும். எஸ் தான் ராஜா. ஒரு தட்டுக்கு அஞ்சு குண்டு விசிறி மாதிரி விரிஞ்சு போகும், குறியே வேணாம்.

எஸ்ஸ வச்சுட்டு பாதி பேர் செய்ற தப்பு, தூரத்துல நின்னு சுடறது. தூரத்துல போறப்ப அஞ்சுல ஒண்ணோ ரெண்டோ தான் பாஸ் (ஸ்டேஜ் கடைசில வர்ற பெரிய எதிரி) மேல படும், மீதி சும்மா காத்துல போகும். அதோட ஸ்க்ரீன்ல ஒரே நேரத்துல இத்தன குண்டு தான் இருக்கலாம்னு கேம்ல ஒரு அளவு இருக்கு, போன குண்டு எதாச்சும் மேல பட்டோ ஸ்க்ரீன விட்டு வெளிய போயோ மறையற வரைக்கும் அடுத்தது வராது. பக்கத்துல போயி சுட்டா அஞ்சும் படும், பட்ட உடனே மறையும், அடுத்த அஞ்சு கிளம்பும். அதே கன், அதே விரல், ஆனா பாஸ் பாதி நேரத்துல காலி. பயத்த விட்டு ஒட்டி நிக்க பழகறது தான் இந்த கேம்ல பெரிய மாற்றம். சின்னவங்க கிட்ட தள்ளி நில்லு, பெரியவங்க கிட்ட ஒட்டி நில்லு. தலைகீழா தோணும், ஆனா அப்படி தான்.

செத்தா கன் போயிடும். அதனால எஸ் கைல இருக்கறப்ப தரைல எல் எழுத்தோ எஃப் எழுத்தோ கிடந்தா அத தொடாம தாண்டி போறதும் ஒரு வித்தை தான். ஆசைப்பட்டு எடுக்கறது இல்ல, குதிச்சு இறங்கற எடத்துல அது கிடக்கும், கால் பட்டுடும், அவ்ளோ தான். அதனால எஸ் கைல வந்ததுக்கு அப்புறம் பறந்து வர்ற கேப்ஸ்யூல சுடவே சுடாதீங்க. விரல் தானா சுடும், அடக்குங்க.

மொதல் ஸ்டேஜ் காடு. ஆரம்பத்துலயே ஒரு கேப்ஸ்யூல் பறந்து வரும், சுட்டா எம். எடுத்துக்கோங்க. அடுத்து பாலம், நீங்க மேல கால் வச்ச உடனே பின்னாடி இருந்து துண்டு துண்டா வெடிச்சுட்டே வரும், இங்க மட்டும் நிக்க கூடாது, ஓடிடணும். விழுந்தாலும் கீழ தண்ணி தான், சாக மாட்டீங்க. எஸ் இந்த ஸ்டேஜ்லயே கிடைக்கும், கிடைச்சதுல இருந்து ஒவ்வொரு அடியும் அத காப்பாத்தறதுக்கு தான். கடைசில ஒரு பெரிய சுவரு, மேல ஒரு துப்பாக்கிக்காரன், நடுவுல ரெண்டு பீரங்கி, கீழ செவப்பா ஒரு கண்ணு மாதிரி. மேல இருக்கறவன மொதல்ல முடிச்சுட்டு நேரா சுவரு பக்கத்துல போயி அந்த கண்ண அடிங்க. பீரங்கி குண்டு வளைஞ்சு வந்து விழற ரகம், சுவர ஒட்டி நின்னா நமக்கு பின்னாடி தான் பெரும்பாலும் விழும்.

ரெண்டும் நாலும் பேஸ், அதாவது எதிரியோட கோட்டை. இதுல கேமரா ஆளோட முதுகு பக்கம் போயிடும், ஒவ்வொரு ரூமா உள்ள போகணும். ரூம்ல சுவத்துல இருக்கற கோர், அதாவது மெயின் பாகத்த அடிச்சா தான் முன்னாடி இருக்கற கரண்ட் தடுப்பு அணையும். அதுக்கு முன்னாடி அவசரப்பட்டு மேல அமுக்குனா ஷாக் அடிச்சு ஆளு அப்படியே நின்னுடுவான், அது கொல்லாது, ஆனா அந்த ஒரு நொடில குண்டு வந்து கொன்னுடும். குண்டுக்கு படுங்க, உருண்டு வர்றதுக்கு குதிங்க, இத மாத்தி செஞ்சா காலி. செவப்பு ட்ரெஸ் போட்டவன் ஓடுனா விடாதீங்க, அவன் தான் கன் போடுவான், எஸ் இல்லாம வந்திருந்தா இங்க தான் திரும்ப கிடைக்கும். ரெண்டாவது ஸ்டேஜ் பாஸ் சுவத்துல இருக்கறத எல்லாம் உடைச்சதும் நடுவுல ஒரு கண்ணு வந்து உருண்டையா எதையோ துப்பும், அந்த உருண்டைய சுட்டு உடைக்கலாம், பயப்பட ஒண்ணும் இல்ல. நாலாவதுல ரெண்டு தலை பிரிஞ்சு பிரிஞ்சு சேரும், ரெண்டும் ஒண்ணா சேர்ற அந்த நேரத்துல மட்டும் தான் அடி ஏறும், மத்த நேரம் சுடறத விட்டுட்டு தப்பிக்கறதுல கவனம் வைங்க.

மூணாவது ஸ்டேஜ் அருவி. நட்பு, ரத்த சொந்தம் எல்லாம் உடையற எடம். இங்க ஸ்க்ரீன் மேல போகும், கீழ் ஓரத்துக்கு கீழ போனவன் செத்தான், ஒரு நொடி முன்னாடி வரைக்கும் அங்க பாறை இருந்துச்சுன்னாலும் சரி. ரெண்டு பேர் ஆடறப்ப மேல இருக்கறவன் ஒரு குதி குதிச்சா கீழ இருக்கறவனுக்கு நிக்க எடமே இருக்காது. நான் ஒரு தடவ மேல எஸ் தெரியுதுன்னு விறுவிறுன்னு ரெண்டு திட்டு ஏறிட்டேன், அக்கா நகர்ற கல்லு மேல நின்னுட்டு அது திரும்பி வர்றதுக்காக காத்துட்டு இருந்தா. அவளோட கடைசி லைஃப். செத்துட்டா. ஒண்ணுமே சொல்லல, ரிமோட்ட தரைல வச்சுட்டு எழுந்து போயிட்டா. அந்த எஸ்ஸ வச்சு நானும் அடுத்த பாறைலயே செத்தேன்.

அதனால ரெண்டு பேரா ஆடுனீங்கன்னா அருவில ஒரு ரூல் வைங்க, கீழ இருக்கறவன் "வா"ன்னு சொன்னா தான் மேல இருக்கறவன் குதிக்கணும். தனியா ஆடறவங்களுக்கு, குதிக்கறதுக்கு முன்னாடி மேல் நோக்கி ரெண்டு தட்டு சுடுங்க, குதிச்சதுக்கு அப்புறம் பாக்கறதுல பிரயோஜனம் இல்ல. உருண்டு விழற பாறைய சுட்டு உடைக்கலாம் ஆனா நிறைய அடி வாங்கும், ஒதுங்கிடறது சுலபம். மேல போனா நீள கையோட ஒரு ஏலியன் உக்காந்திருக்கும், கையோட சண்ட போட்டு நேரத்த வீணாக்க வேணாம், நடுவுல வாய் திறக்கறப்ப அதுக்குள்ள குண்ட இறக்கிட்டே இருங்க.

அஞ்சாவது பனி. க்ரனேட் தூக்கி போடுறவனுங்க இங்க நிறைய. க்ரனேட் நேரா வராது, வளைஞ்சு தான் வரும், அதனால படுக்கறது வேஸ்ட், அது விழப்போற எடத்த விட்டு நகரணும். டேங்க் வந்துச்சுன்னா அது ரொம்ப அடி வாங்குற ஜென்மம், ஏறி மிதிச்சாலும் சாவு தான். டேங்க் தெரிஞ்ச உடனே சுட ஆரம்பிச்சுடுங்க, அது கிட்ட வர்றதுக்குள்ள முடிஞ்சுடணும், இங்க மட்டும் பெரியவங்க கிட்ட ஒட்டி நில்லுன்னு நான் சொன்னத மறந்துடுங்க. பாஸ் ஒரு பறக்கும் தட்டு, மறைஞ்சு மறைஞ்சு வேற வேற எடத்துல வரும், குட்டி தட்ட எல்லாம் கீழ விடும். நடுவுல நின்னுட்டு மேல பாத்து எஸ்ஸ தட்டிட்டே இருந்தா குட்டியும் சாகும் தாயும் சாகும்.

ஆறாவது எனர்ஜி ஸோன், குழாய்ல இருந்து நெருப்பு வந்து வந்து நிக்கும். இது முழுக்க தாளம் தான், ஒவ்வொரு நெருப்புக்கு முன்னாடியும் நின்னு ஒரு தடவ வந்து போகட்டும், ரெண்டாவது தடவ வந்து நின்ன உடனே போங்க. பாஸ் ஒரு ராட்சச சோல்ஜர், குதிச்சு குதிச்சு வருவான், முள்ளு வச்ச தட்ட வீசுவான். அவன் குதிக்கறப்ப அடியில புகுந்து அந்த பக்கம் போயி திரும்பி அடிங்க. மூலைல மாட்டிக்கிட்டா கத முடிஞ்சுது.

ஏழாவது ஹேங்கர் தான் என்ன பொறுத்தவரைக்கும் கேம்லயே மோசமான ஸ்டேஜ். கஷ்டம்னு இல்ல, கடுப்பு. மேல இருந்து இரும்பு கை இறங்கும், தரைல இருந்து முள்ளு சுவரு எழும்பும், தள்ளுவண்டி உருண்டு வரும். ஆளுங்க கிட்ட குறி வச்சு விளையாடறது போயி மெஷின் கிட்ட நேரம் பாத்து விளையாடணும். முள்ளு சுவர சுட்டு உடைக்க முடியும், அத உடைக்காம குதிச்சு தாண்ட பாக்காதீங்க. இரும்பு கைய ஒரு முழு சுத்து பாத்துட்டு தான் நகரணும். நான் இதுல விட்ட கன்டின்யூ மத்த ஏழு ஸ்டேஜ்லயும் சேத்து விட்டத விட அதிகம்.

பழகறதுக்கு ஒரு வழி சொல்றேன். நான் சொன்ன அந்த 2019 கலெக்ஷன்ல எங்க வேணும்னாலும் சேவ் பண்ணிக்கலாம், அத முன்னேறறதுக்கு யூஸ் பண்ணாதீங்க, அதுவும் 30 லைஃப் மாதிரி தான் ஆயிடும். மொதல்ல ஏழாவது ஸ்டேஜ் ஆரம்பத்துல சேவ், அது பழகினதும் எட்டாவது ஆரம்பத்துல சேவ், அந்த ரெண்டையும் சாதா கன்னோடயே ஆடி பழகுங்க. எஸ் இல்லாம தாண்ட தெரிஞ்சா, நிஜமா ஆடறப்ப நடுவுல ஒரு தடவ செத்து கன்ன விட்டாலும் கை நடுங்காது. முக்கால்வாசி பேருக்கு ஆட்டம் போறது மொதல் சாவுல இல்ல, சாதா கன்னோட நின்னு பதறி அடுத்த பத்து செகண்ட்ல சாகுறாங்களே, அதுல தான்.

எட்டாவது முழுக்க ஏலியனோட உடம்புக்குள்ள. பாதில ஒரு பெரிய தலை வந்து வழிய மறிக்கும், வாய்ல இருந்து குட்டி குட்டியா துப்பும், எஸ் இருந்தா எல்லாத்தையும் சேத்து அது வாய்க்குள்ளயே அடிச்சு தள்ளலாம். கடைசில சதையெல்லாம் துடிச்சுட்டு இருக்கற ரூம், எதிர்ல இதயம், சுத்தி முட்டை. முட்டைல இருந்து சிலந்தி மாதிரி ஒண்ணு வெளிய வந்து நம்ம மேல பாயும். இங்க எல்லாரும் செய்றது, சிலந்திய பாத்து பயந்து பின்னாடி போறது. பின்னாடி போனா சிலந்தி வந்துட்டே இருக்கும், இதயத்துக்கு ஒரு அடி கூட போகாது. சிலந்தி நெருங்குறப்ப ஒரு குதி, இறங்குன உடனே இதயத்த பாத்து நாலு தட்டு, திரும்ப ஒரு குதி. எஸ்ஸோட ஒட்டி நின்னா சட்டுனு முடிஞ்சுடும், என்னமோ ஏமாத்திட்ட மாதிரி கூட இருக்கும்.

நான் கோடு போடாம முடிச்ச அன்னைக்கு ஒரு கன்டின்யூ மிச்சம் இருந்துச்சு. தீவு வெடிச்சு, ஹெலிகாப்டர் கிளம்பி, செஞ்சவங்க பேரெல்லாம் ஓடி முடிஞ்சதும் கேம் நிக்காது, ஸ்கோர் அப்படியே இருக்க திரும்ப மொதல் ஸ்டேஜ், இந்த தடவ இன்னும் கஷ்டமா. அக்காவுக்கு ஃபோன் போட்டு சொன்னேன். "அருவில எத்தன தடவ செத்த"ன்னு மட்டும் கேட்டா. ரெண்டுன்னு சொன்னேன். சிரிச்சா.